பட்டுப்போன செடிக்குக் கழிவு. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு?

அனாதை இல்லத்துக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பி வைக்கிறார் ஒரு சீமான். ரசீது வருகிறது. பழைய வரி முறையில் கணக்குத் தருபவராக அவர் இருந்து, அந்த இல்லமும் வருமான வரித்துறையின் ஒப்புதல் பெற்றதாக இருந்தால், கொடுத்த தொகையில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி என்று பெயர் பெற்ற சலுகை அது.

அதே இல்லத்தின் வாயிலில் மற்றொருவர் வந்து நிற்கிறார். அவர் பணம் கொண்டுவரவில்லை. பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறார். "எங்கள் சோற்றில் பங்கு, எங்கள் கூரையின்கீழ் இடம், எங்கள் பெயர், எங்கள் உடைமை, அத்தனையும் இனி இந்தக் குழந்தைக்கும் உண்டு" என்கிறார். வீட்டை ஆய்வு செய்வதற்குக் கட்டணம் செலுத்துகிறார். குழந்தைப் பராமரிப்பு நிதிக்குச் செலுத்துகிறார். பிள்ளை எப்படி வளர்கிறது என்று பின்னால் வந்து பார்க்கும் ஆய்வுகளுக்கும் செலுத்துகிறார். கூட்டிப் பார்த்தால் அரை லட்சத்தைத் தாண்டுகிறது. இவருக்கு வரிச் சட்டம் தரும் கழிவு எவ்வளவு? தத்தெடுத்ததற்கென்று ஒரு காசும் இல்லை!

காசைக் கொடுத்தவருக்குக் கழிவு. தன்னையே கொடுத்தவருக்குக் கைவிரிப்பு! இது எந்த ஊர் நீதி என்று கேட்கிறோம்.

கேட்டவுடன், ஓடி வருவர் சில மேதாவிகள். "அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே தத்தெடுப்போருக்கு வரித் தள்ளுபடி இருக்கிறது, அதை அப்படியே இங்கே கொண்டுவந்து விட்டால் போதும்" என்பர். போதுமா? யாருக்குப் போதும்? தள்ளுபடி யார் வீட்டுக்குப் போய்ச் சேரும்? அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கைதட்ட வேண்டும், தோழர்களே! கணக்கு என்றதும் கண் சுழல வேண்டியதில்லை. கங்காணியிடம் கூலியைச் சரிபார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கும் தெரியும்.

செம்மநத்தத்து மாமன்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் ஏற்காடு. அங்கே போவோர் ஏரியைப் பார்ப்பர், படகில் ஏறுவர், குளிர்ந்த காற்றைப் புகழ்ந்துவிட்டு இறங்கிவிடுவர். அதே சேர்வராயன் மலையில் செம்மநத்தம் என்று ஓர் ஊர் இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளையர் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். செடி வேர் பிடித்தது, தோட்டம் பெருகியது, துரைகள் போயினர், வேறு முதலாளிகள் வந்தனர். மலையின் மக்கள் மட்டும் அன்றும் உழைத்தனர், இன்றும் உழைக்கின்றனர். மலையாளிகள் என்று அவர்களுக்குப் பெயர். கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். அரசினர் பட்டியலில் பழங்குடியினர்.

அங்கே தோட்டக் கூலியாக உழைக்கும் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். உடன்பிறந்த தங்கை கண்மூடி விட்டாள். அவள் கணவனும் உயிரோடில்லை. மிச்சமிருப்பது ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று. என்ன செய்வார் தாய்மாமன்? ஆணையம் கூட்டி ஆராய்வாரா? அறிக்கை கேட்பாரா? இரண்டு பிள்ளைகளுக்கு வைத்த தட்டோடு மூன்றாவது தட்டு ஒன்றைச் சேர்த்து வைப்பார். மாமி சோறு போடுவாள். அவ்வளவுதான்! மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, நம் மக்களிடையே இதைத் தியாகம் என்று யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. தாய்மாமன் கடமை என்பார்கள், அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அந்த மாமனைத்தான் நாம் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். சட்டமும் வரியும் சலுகையும் உதவியும் அவர் வீட்டுத் தட்டில் ஒரு கைப்பிடி சோற்றைச் சேர்க்கின்றனவா, இல்லையா? அதுதான் கேள்வி.

முதற்கேள்வி: அந்தக் குழந்தை சட்டத்தின் கண்ணில் மாமனுடைய பிள்ளைதானா? இல்லை! 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், பிள்ளை என்ற சொல் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழிப் பிள்ளையையும் தத்துப் பிள்ளையையும் சேர்த்தே குறிக்கும் என்றது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென்று இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. நல்ல சொல், பாராட்டுகிறோம். வயிற்றில் சுமந்த பிள்ளைக்கும் தோளில் சுமந்த பிள்ளைக்கும் வேறுபாடு காட்டாத சொல். ஆனால் தத்து என்றால் சட்டப்படி நடந்த தத்து. சோறு போட்டது தத்து ஆகாது. பள்ளிக்கு அனுப்பியது தத்து ஆகாது. காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருந்தது தத்து ஆகாது. தாள் வேண்டும், கையொப்பம் வேண்டும், முத்திரை வேண்டும்!

இது வரியோடு நிற்கும் செய்தியும் அன்று. தொழிலாளர் அரசு ஈட்டுறுதி, இ.எஸ்.ஐ. என்கிறோமே, அதில் குடும்பத்தார் பட்டியலில் தத்துப் பிள்ளைக்கு இடம் உண்டு. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலும் உண்டு. ஆனால் பணியிலிருந்த தொழிலாளி இறப்பதற்கு முன்பே சட்டப்படி தத்தெடுத்திருக்க வேண்டும் என்கிறது அந்தத் திட்டம். நாளைக்கு மரத்திலிருந்து விழுந்து மாமன் மாண்டுபோனால், பெற்ற பிள்ளைகள் இரண்டுக்கும் ஓய்வூதியத்தில் உரிமை உண்டு. வளர்த்த பிள்ளைக்கு இல்லை. ஒரே பாயில் படுத்த மூவரில் ஒருத்தி மட்டும் மீண்டும் அனாதை ஆகிறாள்!

தாளுக்கு வழி எது?

தத்து என்பது இந்த நாட்டில் நெடுங்காலம் பிள்ளையின் பொருட்டு இருந்ததில்லை. பெரியவருக்குக் கொள்ளி வைக்க ஓர் ஆண்மகன் வேண்டும், சொத்தைக் கட்டிக் காக்க ஒரு வாரிசு வேண்டும், அதற்காக எடுக்கப்பட்டது தத்து. 1956-ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் வந்த பிறகுதான் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று சட்டம் வாய் திறந்து சொல்லிற்று. திருமணமான பெண், கணவனின் இசைவோடு, தானே தத்தெடுக்கலாம் என்று சொல்ல 2010 வரை காத்திருக்க நேர்ந்தது. இசுலாமியருக்கும் கிறித்தவருக்கும் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் என்ற பெயர் கிடைக்குமே தவிர, பெற்றோர் என்ற பெயர் கிடைக்காது. இளஞ்சிறார் நீதிச் சட்டம்தான் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அந்தக் கதவு எல்லோருக்கும் பொது என்று உறுதி செய்தது.

சரி, செம்மநத்தத்து மாமனுக்கு எந்தக் கதவு? 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பிரித்துப் பாருங்கள். மைய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலொழியப் பழங்குடியினருக்கு இச்சட்டம் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. சேலம் கடைவீதியில் உள்ளவருக்குத் திறந்திருக்கும் பத்திரப் பதிவு வழி, மலைமேல் உள்ளவருக்கு அப்படியே கிடைப்பதில்லை. அவருக்கு உறுதியான வழி, 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம். உறவினர் பிள்ளையை உறவினர் தத்தெடுக்கலாம் என்கிறது அதன் 56-ஆம் பிரிவு. மாமன், அத்தை, சித்தப்பா, சித்தி, பாட்டன், பாட்டி ஆகியோரே அந்தச் சட்டம் சொல்லும் உறவினர். மதம் குறுக்கே நிற்காது. குலம் குறுக்கே நிற்காது. 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 2022 முதல் ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் தந்திருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம் வழியாக மனு போக வேண்டும்.

வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி சேலத்தில் இருக்கிறது. மாமன் மலைமேல் இருக்கிறார். ஒருநாள் இறங்கினால் ஒருநாள் கூலி போயிற்று. இரண்டு முறை "நாளைக்கு வா" என்றால் மூன்றாம் முறை அவர் வரமாட்டார்.

சட்டத்தின் இரட்டை நாக்கு

தாளும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆட்சியர் ஆணையிட்டார், குழந்தை சட்டப்படி மகளானாள். இனி வரிச் சட்டம் அவளை எப்படிப் பார்க்கிறது?

அவளுக்கென்று பெற்றோர் விட்டுச்சென்ற சிறுதொகை வங்கியில் இருக்கிறது, வட்டி வருகிறது என்று எண்ணுங்கள். அந்த வட்டியைத் தத்தெடுத்தவர் வருமானத்தோடு சேர் என்கிறது சட்டம். சிறார் தம் உடலுழைப்பாலும் திறமையாலும் ஈட்டுவது போன்ற சிலவற்றை விட்டு, மற்ற வருமானம் அனைத்தும் பெற்றவர் கணக்கில் சேர வேண்டும் என்ற ஏற்பாடு 1992-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழி வந்தது. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் விலக்கு. பழைய முறையில் கணக்குத் தந்தால் மட்டும்! வருமானம் என்று வந்தால், "உன் பிள்ளைதானே, சேர்த்துக் காட்டு" என்கிறது சட்டம். அவளைத் தத்தெடுக்க ஆன செலவு, வளர்க்க ஆகும் செலவு என்று எடுத்துக் காட்டினால், "யார் பிள்ளை அது?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வருமானத்துக்குப் பிள்ளை, செலவுக்கு யாரோ!

அந்த மலைக்கே உரிய மற்றொரு சான்று காட்டுகிறோம், கேளுங்கள். 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 7பி என்று ஒரு விதி. காப்பியை விளைவித்துப் பதப்படுத்தி விற்கும் தோட்டக்காரரின் வருமானத்தில் கால் பங்கு மட்டுமே மைய அரசின் வரிக்கு உரியது என்றது அது. முக்கால் பங்கு வேளாண் வருமானமாகக் கொள்ளப்படும். அதில் குற்றம் காணவில்லை. வேளாண்மைக்கு உரிய சலுகை அது. அதே விதி மேலும் சொன்னது: தோட்டத்தில் பட்டுப்போன காப்பிச் செடிக்குப் பதிலாகப் புதுச் செடி நட்டால், நட்ட செலவைக் கழித்துக்கொள்ளலாம்!

பட்டுப்போன செடியின் இடத்தில் புதுச்செடி நட்டவருக்குக் கழிவு உண்டு. பட்டுப்போன குடும்பத்தின் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் நட்டு, நீர் ஊற்றி, நிழல் தந்து வளர்ப்பவருக்குக் கழிவு இல்லை. செடிக்குள்ள மதிப்பு சேய்க்கு இல்லையா என்று கேட்டால், குத்தலாகப் பேசுகிறோம் என்பர். குத்துவது நம் பேச்சா, அவர்கள் எழுதிய விதியா?

அமெரிக்கக் கணக்கு

இப்போது மேதாவிகள் காட்டும் அமெரிக்காவுக்கு வருவோம். வரியில் தரும் சலுகை இருவகை. வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு வரி போடுவது ஒன்று. வரியைப் போட்டபின், கட்டவேண்டிய அந்த வரியிலிருந்தே கழிப்பது மற்றொன்று. முன்னது கழிவு; பின்னது தள்ளுபடி.

கழிவு என்ன செய்யும்? நம் நாட்டுப் பழைய வரி முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் வரை, பெற்ற பிள்ளையானாலும் தத்துப் பிள்ளையானாலும், பள்ளிக் கல்விக் கட்டணத்தை 80சி பிரிவின் ஒன்றரை லட்ச ரூபாய் வரம்புக்குள் கழிக்கலாம். 30,000 ரூபாய் கட்டணம் என்று வைப்போம். முப்பது விழுக்காடு வரி கட்டும் பெருஞ்செல்வருக்கு மிச்சம் 9,000 ரூபாய். இருபது விழுக்காட்டில் உள்ள நடுத்தரத்தாருக்கு 6,000 ரூபாய். வரியே கட்டாத அளவுக்குச் சம்பாதிப்பவருக்குச் சுழி! ஒரே பள்ளி, ஒரே கட்டணம். உதவியோ மூன்று வகை. உயரே இருப்பவருக்கு உயர்ந்த உதவி!

தள்ளுபடி அதைவிட நேர்மையானது. எல்லோருக்கும் ஒரே தொகை. அமெரிக்காவில் 1996-இல் சட்டம் இயற்றி, 1997 முதல் தத்தெடுப்புச் செலவுக்கு 5,000 டாலர் வரை தள்ளுபடி தந்தனர். பின்னர் உயர்ந்து, 2025-க்கு அது 17,280 டாலர் ஆயிற்று. பராமரிப்பிலிருக்கும் குழந்தைகளில், தத்துப் போவது கடினம் என்று மாநிலம் முடிவு செய்த குழந்தையை ஏற்றால், செலவுச் சீட்டு காட்டாமலே முழுத் தொகையும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. கட்டவேண்டிய வரி எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் தள்ளுபடி. ஆயிரம் டாலர் வரி கட்டும் தொழிலாளிக்கு அந்த ஆண்டு ஆயிரம் டாலர்தான் மிச்சம். மீதியை ஐந்தாண்டு வரை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். வரியே இல்லாதவர் எதை எங்கே கொண்டுபோவார்? 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் மீதியைக் கையில் கொடுத்தனர், பிறகு நிறுத்திவிட்டனர். 2025-இல்தான் மீண்டும் சட்டத்தைத் திருத்தி, 5,000 டாலர் வரை, வரி இல்லாதவருக்கும் கையில் தர ஒப்புக்கொண்டனர். கால் நூற்றாண்டுக்கும் மேலாகியது, ஏழை வீட்டிலும் பிள்ளை வளர்கிறது என்பது அவர்களுடைய வரிச் சட்டத்துக்கு நிலையாகப் புரிய!

அந்தத் தள்ளுபடியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? 2025-26 நிதியாண்டில், புதிய முறையில், தனியாள் வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. வரவேற்கத்தக்கது. ஆகவே தள்ளுபடி என்ற விருந்துக்கு இலை போட்டால், அந்த முறையில் உட்காரத் தகுதி உள்ளவர் 12 லட்சத்துக்கு மேல் ஈட்டுபவர்தான். செம்மநத்தத்து மாமனுக்கு அந்தப் பந்தியில் இலை ஏது? இலையே இல்லாதவருக்குப் பாயசம் எங்கே ஊற்றுவது?

"வரி கட்டாதவனுக்கு ஏன் வரிச் சலுகை?" என்று மிடுக்காகக் கேட்பார் ஒருவர். வரி கட்டாதவனா? யார்? தத்துப் பிள்ளைக்குச் செருப்பு வாங்கினால் வரி, சோப்பு வாங்கினால் வரி! 2025 செப்டம்பர் 22 முதல் பால்புட்டிக்கும் குழந்தைகள் அணையாடைக்கும் சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று. குளியல் சோப்புக்கு 18-லிருந்து 5 ஆயிற்று. பள்ளி நோட்டுக்கு வரி நீங்கிற்று. குறைந்ததில் மகிழ்ச்சி. ஆயினும் குறைந்த வரியும் வரிதான். அதைக் கட்டும்போது முதலாளிக்கும் கூலிக்கும் ஒரே விகிதம். கொடுக்கும்போது சமம், வாங்கும்போது மட்டும் தகுதி இல்லையா?

பணப்பையா, மடியா?

வேறு நாட்டார் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தனர்? பிரிட்டனைப் பாருங்கள். 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு 10 பவுன் கழிவு தந்தார், ஆண்டு வருமானம் 500 பவுனுக்கு உட்பட்டோருக்கு. கேட்க இனிக்கிறது! அன்று 160 பவுன் வரை ஈட்டுவோருக்கு வருமான வரியே இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கழிவால் ஒரு பென்னியும் கிட்டவில்லை. எலினோர் ராத்போன் என்ற அம்மையார் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்: பிள்ளைக்கான பணம் தாயின் கையில் வரவேண்டும் என்று. 1945-இல் குடும்ப உதவிச் சட்டம் வந்தது. முதல் பிள்ளையை விட்டு, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 சில்லிங். அதைத் தந்தைக்குத் தருவதாக இருந்த மசோதாவை மாற்றி, தாய்க்கே தரச் செய்தனர். பின்னர் 1977 முதல் 1979 வரை படிப்படியாக, பிள்ளைக்கான வரிக் கழிவையே எடுத்துவிட்டு, அந்தப் பணத்தையும் சேர்த்துக் குழந்தை உதவித் தொகையாகத் தாயிடம் கொடுத்தனர். தந்தையின் பணப்பையிலிருந்து தாயின் மடிக்கு மாறியது பணம். வரி கட்டும் வீட்டுப் பிள்ளைக்கும் வரி கட்டாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே தொகை. அதுதான் நேர்வழி!

அமெரிக்காவிலும் தள்ளுபடிக்கு முன்பே வந்தது மற்றொன்று. மேதாவிகள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பராமரிப்பில் உள்ள குழந்தையை வளர்க்கும் வீட்டாருக்கு அங்கே மாதாமாதம் பணம் உண்டு. அந்தக் குழந்தையைத் தத்தெடுத்துவிட்டால் அந்தப் பணம் நின்றுவிடும். நின்றுவிடும் என்று அஞ்சியே ஏழைப் பெற்றோர் தத்துக் கேட்கத் தயங்கினர். 1980-இல் மைய அரசு ஒரு சட்டம் செய்தது: தத்து நடந்தபின்பும், தகுதியுள்ள குழந்தைக்கு உதவித் தொகை தொடரும். அதற்குத் தத்து உதவி என்று பெயர். அது பொதுவாக வருமான வரிக் கணக்கிலும் சேராது. பாசத்துக்கு அபராதம் போடாதே என்பதே அந்தச் சட்டத்தின் உட்பொருள்.

தொட்டில் வைத்த மாவட்டம்

இங்கே என்ன நிலை? குழந்தைகளைக் காக்கும் எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது இதே சேலம் மாவட்டத்தில்தான். வேண்டாத பெண் மகவைக் கொல்லாதீர், தொட்டிலில் விடுங்கள், அரசு வளர்க்கும் என்றனர். 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் தொட்டில் சென்றது. தொட்டில் வைத்தது அரசு. ஆனால் தாலாட்ட முன்வரும் ஏழை வீட்டுக்கு என்ன வைத்தது?

2022-இன் மிஷன் வாத்சல்யா நெறிமுறைப்படி, ஆதரவுத் தொகையாகவோ வளர்ப்புப் பாதுகாப்புக்காகவோ குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. மைய அரசும் மாநில அரசும் பங்கிட்டுத் தருவது. ஆதரவுத் தொகை பெற, கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாதாம். மாதத்துக்கு 6,000! கணவனும் மனைவியும் தோட்டத்தில் உழைத்தால் அந்த வரம்பில் நிற்குமா? உழைத்தால் தகுதி போகும், உழைக்காவிட்டால் உயிர் போகும் என்பதா வரம்பு?

2025 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் அன்புக் கரங்கள் திட்டம் தொடங்கிற்று. பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க இயலாத குழந்தைக்கும், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். செம்மநத்தத்து மாமன் வீட்டுத் தட்டை நேரே தொடும் திட்டம் அது. வரி கட்டுகிறாயா என்று கேளாத திட்டம். திசை அதுதான் என்கிறோம்.

ஆனால் இங்கேதான் நம் கவலை. இந்த உதவிகள் யாவும் பெற்றோரற்ற குழந்தை, வளர்ப்புப் பாதுகாப்பில் உள்ள குழந்தை என்ற பெயரில் வருகின்றன. மாமன் சேலம் இறங்கி, மனு எழுதி, ஆட்சியர் ஆணை பெற்று, அந்தப் பெண்ணைச் சட்டப்படி மகளாக்கிக் கொண்ட மறுநாள், அவள் பெற்றோரற்ற குழந்தை அல்லள். பெயர் மாறியதும் பணமும் நின்றுவிடுமானால், மாமன் எதைத் தேர்வார்? தாளையா? சோற்றையா? ஓய்வூதிய உரிமையையா, இந்த மாதத்து அரிசியையா? எந்தத் தகப்பனையும் அந்தத் தராசின்முன் நிறுத்தக் கூடாது. அன்று அமெரிக்க ஏழை தயங்கி நின்ற அதே வாசல்படி அது.

"பணம் தந்தால், பணத்துக்காகவே பிள்ளை எடுப்பார்களே!" என்பர் ஐயப்பிராணிகள். சீமான் வரித் தள்ளுபடிக்காகத் தத்தெடுப்பான் என்று இவர்கள் ஐயப்பட்டதுண்டா? ஏழை கை நீட்டினால் மட்டும் ஐயம் முளைக்கிறது! மாதம் 2,000 ரூபாயில் ஒரு பிள்ளைக்கு உணவும் உடையும் மருந்தும் நோட்டும் வாங்கிவிட்டு, மிச்சம் பிடித்து மாடி வீடு கட்டிய வித்தகர் யாரேனும் இருந்தால் காட்டட்டும்; நிதித்துறைக்கே அவரை ஆலோசகர் ஆக்கலாம். ஏய்ப்பைத் தடுக்க வழியா இல்லை? வீட்டு ஆய்வு இருக்கிறது, குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், பள்ளி வருகைப் பதிவு இருக்கிறது. காவலை வையுங்கள், கதவை மூடாதீர்கள்.

நாம் கேட்பவை

நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: தத்து நடந்தபின்பும் உதவி தொடர வேண்டும். பெற்றோரற்ற குழந்தைக்கும் வளர்ப்பில் உள்ள குழந்தைக்கும் தரும் மாதத் தொகை, எளிய வீட்டார் அக்குழந்தையைத் தத்தெடுத்தால், 18 வயது வரை அப்படியே குழந்தையின் பின்னால் வரவேண்டும். தத்துத் தாள் உதவியை வெட்டும் கத்தி ஆகக் கூடாது. அத்தொகை எவருடைய வருமானக் கணக்கிலும் சேராது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

இரண்டு: வரித் தள்ளுபடி தர மைய அரசு முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம், நடுத்தரக் குடும்பத்துக்கும் பளு உண்டு. ஆனால் வரி இல்லாதவருக்குக் கையில் தரும் தள்ளுபடியாக அது பிறக்க வேண்டும். அமெரிக்கர் கால் நூற்றாண்டுக்குமேல் கழித்துக் கற்ற பாடத்தை நாம் முதல் நாளே கற்கலாமே!

மூன்று: இல்லத்திலிருந்து தத்தெடுக்கும் எளிய வீட்டாருக்குக் கட்டணங்களை அரசே ஏற்க வேண்டும். 72,000 என்ற வரம்பை உழைப்பவர் கூலிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

நான்கு: சேலத்துக்கு மாமனை இழுக்காமல், அலுவலகம் மலை ஏறட்டும். ஏற்காட்டில், செம்மநத்தம் போன்ற ஊர்களில், குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் முகாம் அமைத்து, உறவினர் வீட்டில் வளரும் குழந்தைகளைக் கணக்கெடுத்து, மனுக்களை அங்கேயே பெற வேண்டும். வாக்குப் பெட்டி மலை ஏறும்போது, மனுப் பெட்டி ஏறாதா?

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது, தோழர்களே! உங்கள் தெருவிலும் உங்கள் தோட்டத்து வரிசை வீட்டிலும் பாட்டியிடமோ மாமனிடமோ வளரும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த வீட்டுப் படியேறுங்கள். இறப்புச் சான்று இருக்கிறதா, பிறப்புச் சான்று இருக்கிறதா, பள்ளிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். மாத உதவிக்கு மனு எழுதிக் கொடுங்கள். தொழிற்சங்கத் தோழர்கள், உறுப்பினரின் வைப்பு நிதிக் கணக்கிலும் இ.எஸ்.ஐ. ஏட்டிலும் அந்தப் பிள்ளையின் பெயர் ஏற என்ன தாள் வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். தாளை வாங்கித் தருவதும் போராட்டம்தான். அதில் தடியடி இல்லை, ஊர்வலம் இல்லை. ஒரு பேனாவும் ஒரு நாள் விடுப்பும் போதும்.

நிதியமைச்சர்களுக்கு நாம் சொல்வது இது: வரிச் சட்டம் என்பது எதை நாடு மதிக்கிறது என்று எழுதி வைத்த ஏடு. இயந்திரத்தின் தேய்மானத்துக்கு அந்த ஏட்டில் இடம் உண்டு. பட்டுப்போன காப்பிச் செடிக்கு இடம் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிய உழைப்பாளியின் வீட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். கழிக்கும் வரியாக அல்ல, கொடுக்கும் வரியாக!